பழைய பித்தளை பேண்டு ட்ரம்களை வைத்து ட்ரம் கிட் செய்ய முடியுமா, எடைக்குப் போட்டுவிடலாமா?

முடியும். நானே செய்திருக்கிறேன். அந்தக் கிட்டில்தான் இன்றைக்கும் மேடையில் வாசிக்கிறேன். எடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்.

தாத்தா காலத்து உலோக ட்ரம்கள் நாலைந்து வீட்டில் கிடக்கின்றன, அதை ட்ரம் கிட் ஆக்க முடியுமா, இல்லை விற்றுவிட்டுப் புதிது வாங்கலாமா என்று இரண்டே வரியில் கேட்டிருக்கிறீர்கள். ஆனாலும் நிலைமை புரிகிறது. இடத்தை அடைக்கிறது என்று வீட்டில் யாரோ தினமும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். காயலான் கடைக்காரர் ஒருவர் வந்து விலையும் சொல்லிவிட்டுப் போயிருப்பார். எனக்கு அப்படித்தான் நடந்தது.

சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். அம்மாவின் அப்பா பேண்டு செட்டில் சைடு ட்ரம் வாசித்தவர். கோயில் திருவிழா, சர்ச் தேர்பவனி, கல்யாண ஊர்வலம், சாவு வீடு என்று எல்லாவற்றுக்கும் போவார். அவர் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. 2021-ல் மாமா வீட்டை இடித்துக் கட்ட ஆரம்பித்தபோது எனக்குப் போன் செய்தார். "மாப்ள, உங்க தாத்தா சாமானெல்லாம் கெடக்கு. கிலோவுக்கு 380 தர்றேங்குறான். உனக்கு வேணும்னா நாளைக்குள்ள வந்து எடுத்துக்க."

மறுநாள் காலையிலேயே போய் நின்றேன். மூன்று பித்தளை சைடு ட்ரம், தகரத்தில் ஒரு பெரிய ட்ரம். இரண்டு பித்தளை ட்ரம்மும் பெரிய ட்ரம்மும் பரணில் இருந்தன. மூன்றாவது, மாட்டுத் தொழுவத்துக் கூரையில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. தோல் கிழிந்து சுருண்டு, உள்ளே எலி கூடு கட்டியிருந்தது. ஒன்றை ஒரு விரலில் தொங்கவிட்டு, விரல் முட்டியால் ஷெல்லை, அதாவது ட்ரம்மின் உருளை உடலை, தட்டினேன். ணங்கென்று எழுந்த சத்தம் சட்டென்று அடங்கவில்லை. காதுக்குள் அது தேய்ந்து முடிந்த பிறகுதான் மூச்சே விட்டேன். ஷெல்லின் பக்கவாட்டில், சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவார்களே, அதே மாதிரி புள்ளி புள்ளியாகக் குழுவின் பெயர், ஊர், 1958 என்று வெட்டியிருந்தது. மூன்றிலும் அப்படி.

இப்போது இரண்டில்தான் இருக்கிறது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கறுத்துக் கிடந்ததே என்று ஒரு ட்ரம்மை பஃபிங் பட்டறையில் கொடுத்தேன். "பளபளன்னு ஆக்கிக் கொடுங்கண்ணே" என்று சொன்னேனே தவிர, எழுத்து இருக்கிறது, பார்த்துச் செய்யுங்கள் என்று சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. சாயங்காலம் போனால் ட்ரம் தங்கம் மாதிரி மின்னியது. பெயர் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். மொழுமொழுவென்று இருந்தது. அறுபது வருடத்துக்கு மேல் நின்ற எழுத்து ஒரு மத்தியானத்தில் போய்விட்டது. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மற்ற இரண்டையும் அம்மா வீட்டிலேயே தேய்த்துக் கொடுத்தார், புளியும் கல் உப்பும் போட்டு. புளியில் ஊறப் போடக் கூடாது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. அமிலத்தில் நெடுநேரம் கிடந்தால் மேலே இருக்கிற துத்தநாகம் கரைந்து, சிவந்து செம்பு நிறம் தட்டிவிடும். தேய்த்த கையோடு கழுவித் துடைத்துவிட வேண்டும். அம்மோனியா கலந்த பாலிஷையும் விட்டுவிடுங்கள்.

ஏன் என்று தொழுவத்தில் தொங்கிய ட்ரம் சொல்லும். அதன் விளிம்பில் தலைமுடி மாதிரி மூன்று விரிசல். யாரும் கீழே போட்டதாகத் தெரியவில்லை, ஒடுக்கும் இல்லை. தேடிப் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் பட்டாளத்துப் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தானாகவே விரிசல் விட்டிருக்கின்றன. குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா, அடித்து இழுத்து உருவாக்கிய பித்தளையின் உள் இறுக்கத்தோடு சேர்ந்து அதைப் பிளக்கிறது என்று 1921-ல்தான் விளக்கம் கிடைத்தது. தாத்தாவின் ட்ரம்முக்குக் குதிரைக்குப் பதில் மாடு. ஆகவே உங்கள் ட்ரம்கள் தொழுவம், கோழிக்கூடு பக்கம் கிடந்திருந்தால் விளிம்பை வெளிச்சத்தில் வைத்து ஒரு சுற்று பாருங்கள். விரிசல் இருந்தால் அதன் நுனியில் 2 மி.மீ. துளை ஒன்று போட்டால் பெரும்பாலும் அதற்கு மேல் ஓடாது. ஷெல்லில் துளை போட நான் சம்மதித்தது அந்த மூன்று இடத்தில் மட்டும்தான்.

இனி வேலைக்கு வருவோம். பேண்டு ட்ரம்மில் பெரும்பாலும் மேல் வளையத்தையும் கீழ் வளையத்தையும் ஒரே நீளக் கம்பி இழுத்துப் பிடித்திருக்கும். மேல் தோலை முறுக்கினால் கீழ்த் தோலும் சேர்ந்து முறுகும். ஊர்வலத்துக்கு அது போதும். கிட்டில் மேலே ஒரு சுருதி, கீழே ஒரு சுருதி வைத்தால்தான் டாம் (கிட்டில் உருட்டி வாசிக்கும் நடுத்தர ட்ரம்) பேசும். அதற்கு லக் வேண்டும், அதாவது தோலை இழுக்கும் கம்பியை முறுக்கி ஏற்றுகிற மரையுள்ள துண்டு. லக் பொருத்தத் துளை போட வேண்டும். ஒரு ட்ரம்முக்கு எட்டு லக் என்றால் பதினாறு துளை. எனக்கு மனசு வரவில்லை. பேர்ல் என்ற ட்ரம் கம்பெனி ஃப்ரீ ஃப்ளோட்டிங் என்று ஒரு ஸ்நேர் (அடித்தோலில் கம்பிகள் அதிரும் ட்ரம்) செய்கிறது. லக்கெல்லாம் தனிச் சட்டத்தில் இருக்கும், ஷெல்லில் துளையே கிடையாது. அந்த யோசனையை எடுத்துக்கொண்டேன். இரும்புப் பட்டையை இரண்டு அரை வட்டமாக வளைத்து, உள்ளே சைக்கிள் ட்யூப் ரப்பரை ஒட்டி, ஷெல்லின் நடுவில் கவ்வ வைத்து, அந்தப் பட்டையில் லக்கைப் பொருத்தினேன். மேலே இழுக்கும் விசையும் கீழே இழுக்கும் விசையும் ஏறக்குறைய சமம் என்பதால் பட்டை நகர்வதில்லை. நாளைக்கே கழற்றினாலும் தாத்தாவின் ட்ரம் அப்படியே இருக்கும்.

லக்கைச் செய்து கொடுத்தது பூட்டுப் பட்டறைக்காரர். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கைகளைக் கிட்டத்தில் இருந்து பார்க்க வேண்டும். எழுபது வயதுப் பெரியவர், பித்தளைத் தண்டைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் அரத்தால் இரண்டே இழுப்பில் சமப்படுத்தி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போனார். அளவுகோலைத் தொடவே இல்லை. "சரியா இருக்குமாய்யா?" என்று கேட்டேன். "மாங்காய்ப் பூட்டுக்குச் சாவி வெட்டுன கை தம்பி" என்றார். இருபத்து நான்கு லக்கும் ஒரே உயரம்.

ஆனால் மரை விஷயத்தில் அவரையும் நான் குழப்பிவிட்டேன். ஹார்டுவேர் கடையில் கிடைப்பது எம்6, அதாவது 6 மி.மீ. மரை. இசைக்கருவிக் கடையில் வாங்கும் டென்ஷன் ராடு, அதாவது தோலை இழுக்கும் கம்பி, பெரும்பாலும் அமெரிக்க 12-24 அளவு. அதாவது ஏறக்குறைய 5.5 மி.மீ. கனம், அங்குலத்துக்கு 24 மரை. எம்6-க்கு வெட்டின மரையில் இந்த ராடு லொடலொடவென்று ஆடும். முதல் எட்டு லக் வீணாகி, மறுபடி செய்ய வேண்டியிருந்தது. மரை வெட்டுகிற 12-24 டேப்பை முதலிலேயே ஆன்லைனில் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விளிம்பு சமமாக இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, சமையலறை கிரானைட் மேடையில் ஷெல்லைக் கவிழ்த்து, உள்ளே செல்போன் டார்ச்சை எரியவிடுங்கள். எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே பள்ளம். ஒடுக்கு எடுப்பவர் மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டிச் சரிசெய்வார். பித்தளை அடிக்க அடிக்க இறுகும், அதனால் அவசரப்படுத்தாதீர்கள்.

பெரிய ட்ரம் 24 அங்குலம், துத்தநாகம் பூசிய தகரம். அதில் துருப்பிடித்த ஓட்டை ஒன்று இருந்தது, வெல்டிங் வைத்து அடைக்கச் சொன்னேன். அந்தப் புகையைச் சுவாசித்த வெல்டர் தம்பிக்கு அன்று ராத்திரியே குளிர் ஜுரம். மறுநாள் சரியாகிவிட்டது, ஆனாலும் அது என் தவறு. இந்த மாதிரித் தகரத்தில் ரிவெட் அடித்து ஒட்டுப் போடுங்கள், வெல்டிங் வேண்டாம். ட்ரம் நிற்க அடியில் பட்டை இரும்பில் ஒரு தொட்டில், பெடல் வளையத்தில் கவ்விக்கொள்ளும். அவ்வளவுதான் கிக், காலால் மிதித்து அடிக்கிற ட்ரம்.

சத்தம் எப்படி என்றால், பித்தளையில் கார்வை (அடித்த பிறகும் சத்தம் நீண்டு நிற்பது) அதிகம். அலுமினியம் மாதிரி வறண்டு வெட்டாது, எஃகு மாதிரி கூர்மையாகக் குத்தாது, நிறைந்து நிற்கும். டாமுக்கு அது கொஞ்சம் கூடுதல்தான், உள்ளே ஒரு முழத் துணியை மடித்து ஒட்டியிருக்கிறேன். எடையும் அதிகம். 14 அங்குல விட்டம், 10 அங்குல ஆழம், ஒரு மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதல் கனம் என்றால் ஷெல் மட்டுமே மூன்று கிலோ வரும். சாதாரண ஸ்டாண்டு தாங்காது, இரட்டைக் கால் ஸ்டாண்டு வாங்குங்கள்.

பழம்பொருளை இப்படி மாற்றலாமா, அப்படியே வைத்திருக்க வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். என்னிடமும் கேட்டார்கள். ட்ரம் கிட் என்ற வாத்தியமே பட்டாளத்து பேண்டு ட்ரம்களிலிருந்து வந்ததுதானே. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் தெருவில் இரண்டு மூன்று பேர் தூக்கிக்கொண்டு நடந்து வாசித்ததை ஓர் ஆள் உட்கார்ந்து வாசிக்கப் பார்த்தார்கள். 1909-ல் லுட்விக் என்ற அமெரிக்க ட்ரம் வாசிப்பாளர், காலால் மிதித்துப் பெரிய ட்ரம்மை அடிக்கும் பெடலுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு அது இன்னும் சுலபமானது. தவிலுக்கு இரும்பு வளையமும் போல்ட்டும் வரவில்லையா? வாசிக்காத ட்ரம்முக்குள் எலிதான் குடியிருக்கும், பார்த்துவிட்டேன். நான் ஒன்றையும் வெட்டவில்லை என்பதையும் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் என்னை நோகடித்த கேள்வி வேறு. முதல் முறை மேடையில் ஏற்றியபோது கூட வாசிக்கிறவர் ஒருவர், "சாவுக்கு அடிச்ச ட்ரம்மாச்சே, கல்யாண மேடையில ஏத்தலாமா?" என்றார். அதே ட்ரம்தான் எத்தனையோ மாப்பிள்ளைகளைக் குதிரை மேல் ஊர் சுற்றி அழைத்து வந்தது. சாவுக்கும் ஒருவர் வந்து வாசிக்கத்தானே வேண்டும்? வாசிக்க ஆள் வேண்டும், ஆனால் அந்த ஆளும் அவர் வாத்தியமும் வாசலோடு நின்றுவிட வேண்டும். தாத்தா கல்யாணத்துக்குப் போகும்போதெல்லாம் பாட்டி தூக்குவாளியில் சோறு கட்டிக் கொடுப்பார். கல்யாண வீட்டுக்குப் போகிறவர் ஏன் சோறு கொண்டுபோகிறார் என்று சின்ன வயதில் எனக்குப் புரியவில்லை. நானே வாசிக்கப் போன பிறகு புரிந்தது. போன மாசிகூட ஒரு மண்டபத்தில், ஊர்வலத்தில் நாலு மணி நேரம் ஊதி அடித்துவிட்டு வந்த பேண்டு செட்காரர்களை, "சொந்தக்காரங்க முடியட்டும்ப்பா" என்று செருப்பு விடுகிற இடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். சாம்பார் தீர்ந்து ரசம் மட்டும் இருந்தபோதுதான் கூப்பிட்டார்கள். மேடையில் வாசித்த எங்கள் குழுவுக்கு இரண்டாம் பந்தியிலேயே இலை போட்டார்கள். ஒரே கல்யாணம், ஒரே மாதிரி ட்ரம்.

நீங்கள் இதைக் கேட்கவில்லை, தெரியும். ஆனாலும் தாத்தாவின் ட்ரம் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் சொன்னேன்.

எனக்கு ஆன செலவு, தோல், ராடு, லக், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 23,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். சிம்பலும் பெடலும் ஏற்கனவே இருந்தன. ஆறு மாதம் பிடித்தது. புதிதாக வாங்குவதைவிட மலிவு என்று சொல்ல மாட்டேன், ஆரம்ப நிலைக் கிட்டே ஏறக்குறைய இந்த விலைக்குக் கிடைக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் ஓர் அளவு டேப்பை எடுத்து ஒவ்வொரு ட்ரம்மின் வாயையும் நாலு திசையில் அளந்து பாருங்கள். 352-லிருந்து 355 மி.மீ.க்குள் வந்தால் 14 அங்குல பிளாஸ்டிக் ஸ்கின் உட்காரும், சந்தோஷம். அதைவிடப் பெரிதாக இருந்தால் கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற 14 அங்குல ஸ்கின் இறங்காது, ஆட்டுத்தோல்தான். என் மூன்றில் ஒன்று 359. அதற்குத் தோல் எங்கள் ஊரிலேயே கிடைத்தது, வளையத்தில் ஈரமாகச் சுற்றி நிழலில் இரண்டு நாள் காயவைத்தேன். மழைக்காலத்தில் அது தொய்யும். வாசிப்பதற்கு முன் தாத்தா செய்தது மாதிரியே கொஞ்சம் சூடு காட்டுகிறேன். பெயர் வெட்டிய பக்கம் ஆட்களைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்திருக்கிறேன்.