கிரகணம் பார்க்க எகிப்துக்கு: முற்பணம் கட்டலாமா?

கோண்டாவிலில் இருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார்: “2027 ஆகஸ்ட் 2 முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்கக் குடும்பமாக எகிப்து போக ஆசைப்படுகிறோம். யாழ்ப்பாண நகரில் ஒரு ஏஜென்சி, ஹுர்கடா கடற்கரை ஹோட்டலில் ஐந்து நாள், கெய்ரோவில் இரண்டு நாள் என்று திட்டம் தந்திருக்கிறது. ஆளுக்கு மூன்று லட்சம் ரூபா முற்பணம், திருப்பித் தரப்படாது. கடவுச்சீட்டுகளையும் இப்போதே கொடுக்கச் சொல்கிறார்கள். ஹுர்கடாவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மறையும், முழுக் கிரகணத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லையாம். 2019இல் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று பார்த்ததும் கிரகணம்தானே. கட்டலாமா?”

கட்ட வேண்டாம், ரீச்சர். ஹுர்கடாவும் கெய்ரோவும் முழுக் கிரகணப் பாதைக்கு, அதாவது சந்திரனின் முழு நிழல் விழுந்து கடந்துபோகும் பட்டைக்கு, வெளியே இருக்கின்றன. அந்தத் திட்டத்தின்படி போனால் நீங்கள் தேடிப் போவதைப் பார்க்காமலே திரும்பி வருவீர்கள்.

முதலில் உங்கள் முற்றத்துக் கிரகணம். 2019 டிசம்பர் 26 காலை நாங்கள் எல்லோரும் பார்த்தது வளையக் கிரகணம். 2010இல் பொங்கல் கையோடு, ஜனவரி 15 மத்தியானம் வந்ததும் அதுதான். அன்று வளையம் பத்து நிமிடமளவுக்கு நின்றது. இரண்டு முறையும் சந்திரன் பூமிக்குத் தூரத்தில் இருந்ததால் சூரியனை முழுதாக மூடும் அளவுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஓரத்தில் மிஞ்சிய நெருப்பு வளையமே பகலைப் பகலாக வைத்திருந்தது. வெயில் சோர்ந்தது, நிழல்கள் கூர்மையாகின, ஆனால் வானம் இருளவில்லை. முழுக் கிரகணத்தை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. உங்கள் பிள்ளைகளும் பார்க்கவில்லை.

முழுநிலவைப் போல ஏறத்தாழ நாலு லட்சம் மடங்கு வெளிச்சம் சூரியனுக்கு. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது மறைந்து ஒன்று மிஞ்சினாலும், நாலாயிரம் முழுநிலவுகளின் வெளிச்சம் வானத்தில் நிற்கிறது. சூரியனைச் சூழ்ந்திருக்கும் கொரோனா என்ற வெள்ளை ஒளிமகுடம் முழுநிலவின் அளவுக்குத்தான் பிரகாசம். அந்த ஒரு பங்கு வெளிச்சத்துக்குள் அது அமுங்கிப் போகும். கடைசிக் கீற்றும் மூடப்பட்ட பிறகுதான் மகுடம் விரியும், மத்தியான வானத்தில் வெள்ளி தெரியும், நாலு திசை அடிவானத்திலும் ஒரே நேரத்தில் அந்திச் சிவப்பு எழும். ஆகவே “தொண்ணூறுக்கு மேல்” என்று எவரும் சொன்னால், அவர் உங்களுக்குப் பகுதிக் கிரகணம் விற்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பகுதிக் கிரகணம் பார்க்க எகிப்து போகத் தேவையில்லை. அன்று மாலை யாழ்ப்பாணத்திலும் அது தெரியும்.

இந்தக் கதை எனக்குப் புதிதல்ல. 2016 மார்ச் 9 கிரகணத்துக்கு நான் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுக்குப் போனேன். காலை ஏழு மணி கடந்த நேரம், இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்தவன், கரும்பலகையில் வட்டம் வட்டமாகக் கீறிக் காட்டியவன், அந்த இரண்டு நிமிடமும் வாய் திறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் இருந்து போன இன்னொரு குடும்பத்தை அவர்களுடைய முகவர் ஜகார்த்தாவில் தங்கவைத்திருந்தார். ஜகார்த்தா பாதைக்கு வெளியே. பிள்ளைகள் கண்ணாடி போட்டுக்கொண்டு பிறைபோன்ற சூரியனைப் பார்த்துவிட்டு, முழுக் கிரகணம் பார்த்ததாக நினைத்துத் திரும்பி வந்தார்கள். பிறகு என் படங்களைப் பார்த்த அந்தப் பிள்ளைகளின் தகப்பன் “இது எங்கே தெரிந்தது?” என்று கேட்டபோது, எனக்குப் பதில் சொல்ல மனம் வரவில்லை.

2027 கிரகணத்தின் நிழல் தென் ஸ்பெயினில் இருந்து வட ஆபிரிக்கா வழியாக வந்து, எகிப்தைக் கடந்து, சவூதி அரேபியாவுக்கும் யேமனுக்கும் போகிறது. எகிப்தில் நிழலின் அகலம் சுமார் 258 கிலோமீற்றர். நைல் கரையோரம் அஸ்யூத், சோஹாக், கெனா, லக்சர் ஆகிய நான்கும் அதற்குள் அடங்கும். லக்சரில் பகல் ஒரு மணியளவில், சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே நிற்கும்போது, ஆறு நிமிடத்துக்கு மேல் இருள் நிற்கும். இவ்வளவு நீளமான முழுக் கிரகணம் அதற்குப் பிறகு 2114இல்தான். ஆகஸ்டில் அந்தப் பக்கம் மேகம் அபூர்வம். வெயில்தான் 40 பாகையைத் தாண்டும். நிழலுக்கும் தண்ணீருக்கும் ஏற்பாடு இல்லாத இடத்தில் பிள்ளைகளைக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் முகவர்கள் ஒளிந்துகொள்வது இதற்குள்தான். கெய்ரோவில் தங்குவதே பிழை என்று நான் சொல்லவில்லை. லக்சர் ஹோட்டல்கள் நிரம்பிவிட்டால் கெய்ரோவில் சில நாள் இருந்து, கிரகணத்துக்குப் பாதைக்குள் போகலாம். ஆனால் எப்போது போகிறீர்கள்? “அன்று காலை பஸ்ஸில் கூட்டிப்போவோம்” என்றால் ஒப்பவேண்டாம். கெய்ரோவில் இருந்து லக்சருக்குத் தரைவழி 650 கிலோமீற்றர் அளவில் வரும். ஹுர்கடாவில் இருந்து தூரம் குறைவு, ஆனால் அன்று அந்தப் பாலைவனத் தெருவில் உங்கள் பஸ் மட்டுமா போகும்? உலகம் முழுவதும் இருந்து வந்த கூட்டம் அதே காலையில் அதே தெருவில் நிற்கும். நெரிசலில் ஒரு மணித்தியாலம் பிந்தினால் கிரகணம் உங்களுக்காகக் காத்திருக்காது. ஆகஸ்ட் 1 இரவு நீங்கள் பாதைக்குள் படுத்து எழும்பவேண்டும். லக்சர் இல்லாவிட்டால் கெனா, இல்லாவிட்டால் சோஹாக். ரயிலோ உள்நாட்டு விமானமோ, அதன் திகதி ஆகஸ்ட் 1 அல்லது அதற்கு முன் இருக்கவேண்டும். அந்த ஓர் இரவு எந்த ஊரில், எந்த ஹோட்டலில் என்பது உங்கள் பெயரோடு எழுத்தில் வரவேண்டும். “லக்சர் பகுதி”, “லக்சருக்கு அண்மையில்” என்று எழுதியிருந்தால் அது எழுத்தில் வந்ததாகக் கணக்கில்லை. இவ்வளவும் இருந்தால் கெய்ரோத் திட்டத்தை ஏற்கலாம்.

இனி முற்பணம். திருப்பித் தராத காசு எதற்காக என்று கேளுங்கள். ஹோட்டலுக்கும் விமானத்துக்கும் ஏற்கனவே கட்டியிருந்தால் முன்பதிவு இலக்கம் இருக்கும். அதை வாங்கி நீங்களே அந்த ஹோட்டலுக்கு எழுதிக் கேளுங்கள். இலக்கம் இல்லாவிட்டால், உங்கள் காசைச் சுழற்றிக் கடை நடத்தப் பார்க்கிறார்கள். பற்றுச்சீட்டில் “சுற்றுலா முற்பணம்” என்று மட்டும் எழுதி வாங்கிவராதீர்கள். விமான ரிக்கெட் விற்கும் முகவருக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அந்த இலக்கத்தைக் கேட்பதற்குக் கூச்சம் எதற்கு?

கடவுச்சீட்டை இப்போதே ஏன் கேட்கிறார்கள்? வீசா விண்ணப்பத்துக்கு அது பயண நாள் நெருங்கும்போதுதான் தேவைப்படும். அதுவரை உங்கள் அலுமாரியில் இருக்கட்டும். கடவுச்சீட்டு அவர்கள் மேசையில் இருந்தால் நீங்கள் வேறிடம் போகமாட்டீர்கள், அவ்வளவுதான் காரணம். “வீசாவுக்கு நாங்கள் பொறுப்பு” என்பதும் வெறும் வாய்ச்சொல். எகிப்து போக இலங்கைக் கடவுச்சீட்டுக்கு வீசா வேண்டும், கொடுப்பதும் மறுப்பதும் எகிப்து அதிகாரிகள் மட்டுமே. மறுத்தால் எவ்வளவு காசு திரும்பி வரும் என்பதை இப்போதே எழுதி வாங்குங்கள்.

இன்னொன்றைச் சொல்ல எனக்கு வேதனைதான். சுற்றுலாக் குழு என்ற பெயரில் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் வேலை எங்கள் ஊரில் நெடுநாளாக நடக்கிறது. அப்படி ஒருவர் குழுவுக்குள் இருந்தாலும் மற்ற எல்லோருடைய விண்ணப்பமும் சந்தேகத்தோடு பார்க்கப்படும். உங்களோடு யார் யார் வருகிறார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் முகவரை விட்டுவிடுங்கள். இதையெல்லாம் ஒரு ரீச்சர் தனியாகத் துருவித் துருவிக் கேட்கவேண்டியிருப்பதே அநியாயம். ஒரு கையெழுத்துக்கு இரவு பஸ் பிடித்துக் கொழும்புக்குப் போய், இன்னொரு கடுதாசிக்காகத் திரும்பி வந்து, மறுபடியும் போகிறோம். முகவர் ஏமாற்றினால் முறைப்பாடு கொடுக்கவும் அதே பஸ்தான். எத்தனை வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

பலாலியில் இருந்து சென்னை வழியாகப் போனால் மலிவு என்றும் சொல்வார்கள். இரண்டு தனித்தனி ரிக்கெட் என்றால் சென்னையில் குடிவரவைத் தாண்டிப் பெட்டியை எடுத்து மறுபடி ஏற்றவேண்டும். அதற்கு இந்திய வீசாவும் வேண்டும். சேமித்த காசு அங்கேயே போய்விடும்.

கண்ணாடி: ஐ.எஸ்.ஓ. 12312-2 என்று பொறித்ததை மட்டும் வாங்குங்கள், 2019இல் வாங்கிக் கீறல் விழுந்ததை எறியுங்கள், எக்ஸ்ரே தாளைத் தொடவேண்டாம். சூரியன் முழுதாக மறைந்திருக்கும் அந்த ஆறு நிமிடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். முதல் ஒளிப்பொட்டு வந்தவுடன் மறுபடி போடுங்கள்.

கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்தீர்கள்: உங்கள் கணவர் தகப்பனை இழந்தவர், 2027 ஆகஸ்ட் 2 ஆடி அமாவாசை, ஒவ்வொரு வருடமும் கீரிமலைக்குப் போகிறவர், அன்று எப்படி வெளிநாட்டில் இருப்பது என்று. சூரிய கிரகணம் அமாவாசையில்தான் வரும், நாளை மாற்ற வழியில்லை. தர்ப்பணத்தை அங்கே எப்படிச் செய்வது என்பதை உங்கள் ஐயரிடம் இப்போதே கேட்டுவையுங்கள். போவதா நிற்பதா என்பதை உங்கள் கணவரே முடிவு செய்யட்டும். போவதென்றால் திரும்பும் ரிக்கெட்டை 2ஆம் திகதி இரவுக்குப் போடாதீர்கள், லக்சரில் இருந்து எல்லோரும் ஒரேயடியாக வெளிக்கிடும் இரவு அது. 4ஆம் திகதிக்குப் போடுங்கள். நல்லூர்க் கொடியேற்றம் வழக்கப்படி ஆடி அமாவாசையில் இருந்து ஆறாம் நாள். அதற்கு முதல் வீட்டில் இருப்பீர்கள்.