மாநில அரசியலமைப்பை மேற்கோள் காட்டும்போது வருடம் போட வேண்டுமா?

கேள்வி: சென்னையில் சட்டம் முடித்துவிட்டு அமெரிக்காவில் எல்எல்.எம். படிக்கிறேன். கலிபோர்னியா அரசியலமைப்பு தரும் தனியுரிமைப் பாதுகாப்பை ஆய்வுக் கட்டுரையின் அடிக்குறிப்பில் ‘கலிபோர்னியா அரசியலமைப்பு, செக்‌ஷன் 1, 1972’ என்று காட்டியிருந்தேன். பேராசிரியர் திருத்தச் சொல்லிவிட்டார். எப்படி எழுத வேண்டும்?

பதில்: ஆர்ட்டிகிள் எண் விடுபட்டிருக்கிறது. வருடம் தேவையே இல்லை.

இந்திய அரசியலமைப்பில் ஷரத்து எண்கள் ஒரே தொடராக ஓடுவதால் ‘ஷரத்து 21’ என்றாலே போதும். அந்தப் பழக்கம் இங்கே உதவாது. கலிபோர்னியாவில் ஒவ்வொரு ஆர்ட்டிகிளிலும் செக்‌ஷன் எண் மறுபடி 1-லிருந்து தொடங்கும். எந்த ஆர்ட்டிகிள் என்று சொல்லாவிட்டால் படிப்பவரால் தேடிப் பிடிக்கவே முடியாது.

அமெரிக்கச் சட்ட மேற்கோள் கையேடான ப்ளூபுக்கின் 11-வது விதிப்படி, மாநிலப் பெயரின் சுருக்கம், ‘கான்ஸ்ட்.’ (கான்ஸ்டிடியூஷன்), ஆர்ட்டிகிள், செக்‌ஷன் என்பதே வரிசை. உங்களுடையது ‘கல். கான்ஸ்ட். ஆர்ட். I, § 1’ என்று வரும்; § என்பது செக்‌ஷனுக்கான குறி. இதில் ஆர்ட்டிகிள் எண்ணை மட்டும் ரோமன் எண்ணாகப் போடுங்கள். ‘தனியுரிமை’ என்ற சொல்லை வாக்காளர்கள் 1972-ல் சேர்த்தார்கள் என்பது முக்கியமான தகவல்தான். அதைக் கட்டுரையிலேயே சொல்லுங்கள், மேற்கோளுக்குள் திணிக்காதீர்கள்.

புள்ளி வைத்த எண்களில் கவனம் வேண்டும். அதே ஆர்ட்டிகிளில் § 1.1 என்று தனியாக ஒன்று உண்டு. 2022-ல் சேர்ந்த இனப்பெருக்க உரிமை அது.

நடைமுறையில் உள்ள வாசகத்துக்குத்தான் வருடம் வேண்டாம். பழைய வாசகத்தைக் காட்டினால் கட்டாயம் வேண்டும். ஆர்ட்டிகிள் 1, § 7.5-ஐப் பாருங்கள். ஆண், பெண் திருமணம் மட்டுமே செல்லும் என்று 2008-ல் சேர்த்தார்கள். 2024-ல் அதை நீக்கிவிட்டு, திருமணம் அடிப்படை உரிமை என்று அதே எண்ணில் புதிய வாசகம் வந்தது. எண் ஒன்று, பொருள் நேர் எதிர்! பழையதைப் பேசும்போது அடைப்புக்குறியில் ‘2024-ல் நீக்கப்பட்டது’ என்ற குறிப்பு இல்லாவிட்டால் உங்கள் வாதமே தலைகீழாகப் புரியும். முழுதாக வழக்கொழிந்த அரசியலமைப்பு என்றால் ‘கல். கான்ஸ்ட். ஆஃப் 1849’ என்று பெயரோடு ஆண்டு சேரும்.

சரி, மறுமுறை காட்டும்போது? ‘இட்.’ (முந்தைய மேற்கோளே என்று சொல்லும் லத்தீன் சுருக்கம்) மட்டும் பயன்படுத்தலாம். ப்ளூபுக் அரசியலமைப்புக்கு வேறு குறுவடிவம் அனுமதிப்பதில்லை.

நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதாக இருந்தால் அந்த மாநில வழக்கத்தையும் பாருங்கள். கலிபோர்னியா நீதிமன்றங்கள் ப்ளூபுக்கையும் ஏற்கும், ‘கான்ஸ்ட்.’-க்குப் பின் காற்புள்ளி வைக்கும் கலிபோர்னியா ஸ்டைல் மேனுவலையும் ஏற்கும். ஒரே ஆவணத்தில் இரண்டையும் கலக்கக் கூடாது. நியூயார்க்கின் அதிகாரபூர்வ நடையிலோ சுருக்கங்களுக்குப் புள்ளியே கிடையாது.

அப்புறம், ‘மாநில, கூட்டாட்சி அரசியலமைப்புகளின்படி’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். எனக்கு இதில் பிடிவாதம் உண்டு. மாநில நீதிமன்றத் தீர்ப்பு மாநிலச் சட்டத்தில் மட்டுமே தனியாக நிற்கிறதா என்பது தெளிவாக இல்லாமல், கூட்டாட்சிச் சட்டத்தோடு பின்னியிருந்தால், அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை மறுஆய்வுக்கு எடுக்கலாம். 1983-ல் மிச்சிகன் எதிர் லாங் வழக்கு வகுத்த நெறி இது. அதனால் மாநிலப் பிரிவுக்கு ஒரு வாக்கியமும் அதற்கான மேற்கோளும், கூட்டாட்சிப் பிரிவுக்கு இன்னொரு வாக்கியமும் அதன் மேற்கோளுமாகப் பிரித்தே எழுதுங்கள்.