திலேப்பியா எடை: 60 மீன் இருந்தாலும் கணக்கு 3 தொட்டிதான்

வணக்கம். எந்தத் தீவனத்தில் திலேப்பியா மீன் நன்றாக வளர்கிறது என்று பார்க்கும் உங்கள் சோதனையில் 3 தீவனம், தீவனத்துக்கு 3 தொட்டி, தொட்டிக்கு 20 மீன், 15 நாளுக்கொருமுறை எடை. ஒவ்வொரு தேதிக்கும் தனி அனோவா (குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் புள்ளியியல் சோதனை) போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். ஒரு தொட்டி மீன்களுக்கு ஒரே தண்ணீர், ஒரே காற்றுக்கல். ஒன்றில் காற்று குறைந்தால் இருபதும் சேர்ந்தே இளைக்கும். ஆகவே தீவனத்துக்கு ஒன்றையொன்று சாராத அளவீடுகள் 60 அல்ல, 3 தான்.

ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் கலப்பு மாதிரி (நிலையான விளைவுகளும் சமவாய்ப்பு விளைவுகளும் சேர்ந்த மாதிரி) போடுங்கள். எடைக்கு லாக் எடுத்து, தீவனம், நாள், இரண்டின் இடைவினை (தீவனத்துக்குத் தீவனம் வளர்ச்சி வேகம் மாறுகிறதா என்பது) ஆகியவற்றை நிலையான விளைவுகளாக, அதாவது நீங்கள் அளவிட விரும்பும் விளைவுகளாக, வையுங்கள். தொட்டி சமவாய்ப்பு விளைவு, அதாவது தொட்டிகளுக்கிடையே தற்செயலாக வரும் வேறுபாடு. வளர்ச்சிச் சாய்வும் (நாளுக்கு லாக் எடை கூடும் வேகம்) தொட்டிக்குத் தொட்டி மாறட்டும், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மீனுக்குக் குறி போட்டிருந்தால் தொட்டிக்குள் மீனையும் சமவாய்ப்பு விளைவாகச் சேருங்கள். அப்புறம், நடுவில் செத்த மீனின் பழைய எடைகளை நீக்காதீர்கள்.