பழைய காருக்கு எந்த பிரைமர், எந்த பெயிண்ட்? கேள்வி பதில்

பழைய காரைப் புதுப்பிக்கிறவர்கள் பெயிண்ட் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் கடைசியாக அடிக்கும் கோட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆனால் பத்து வருடம் கழித்தும் அந்தப் பளபளப்பு நிற்குமா என்பது அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் இங்கே பிரைமர் பேச்சு கொஞ்சம் அதிகமாகவே வரும். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், 1960களில் வந்த கார். பழைய பெயிண்டை முழுக்க உரித்து வெறும் தகடாக வைத்திருக்கிறேன். முதல் கோட் எட்ச் பிரைமரா, எபாக்ஸியா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

எபாக்ஸி அடியுங்கள். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் அடுத்தவர் சொல்லும்போது குழம்ப மாட்டீர்கள்.

எட்ச் பிரைமரில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது. அது தகட்டின் மேற்பரப்பை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும். பிடிப்பு நல்லதுதான். ஆனால் படலம் மிக மெல்லியது, ஈரத்தைத் தடுக்காது. சீக்கிரமே மேல் கோட்டுகளை அடித்து மூடிவிடுகிற வேலைக்கு அது சரி. உங்கள் வேலை அப்படி இல்லை. கதவு ஒரு மாதம், மட்கார்டு ஒரு மாதம் என்று இழுத்துக்கொண்டு போகும். எபாக்ஸி ரெசினும் ஹார்டனரும் சேர்ந்து இறுகி, தண்ணீர் உள்ளே போகாதபடி தகட்டை அடைத்துவிடும். மாதக்கணக்கில் நடக்கும் வேலைக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டும்.

அடிப்பதற்கு முன் தகட்டை 80 முதல் 180 நம்பர் உப்புத்தாளால் நன்றாகக் கீறுங்கள். வழவழப்பான தகட்டில் எபாக்ஸிக்குப் பிடிமானம் கிடையாது. பிறகு கிரீஸ் ரிமூவரை ஒரு துணியால் தடவி, அது காய்வதற்குள் வேறு சுத்தமான துணியால் துடைத்தெடுங்கள். ஒரே துணியைப் பயன்படுத்தினால் அழுக்கை இடம் மாற்றுவதோடு சரி. அதற்கப்புறம் வெறும் கை தகட்டில் படக்கூடாது. சுத்தம் செய்த அன்றே இரண்டு கோட் அடித்துவிடுங்கள். பல எபாக்ஸிகள் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சரியாக இறுகுவதில்லை. பார்க்க வேண்டியது காற்றின் சூட்டை அல்ல, தகட்டின் சூட்டை.

கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்து எட்ச் பிரைமருக்கு மேல் எபாக்ஸி அடிக்கிறவர்கள் உண்டு. தயாரிப்பாளரின் தொழில்நுட்பத் தாளில் அனுமதி இருந்தால் தவிர அதைச் செய்யாதீர்கள். அமிலமும் எபாக்ஸி ஹார்டனரும் ஒத்துப்போகாது.

கேள்வி: பள்ளத்தை நிரப்பும் பட்டியைத் தகட்டின் மேல் நேரடியாகப் போடுவதா, எபாக்ஸி மேல் போடுவதா?

இரண்டு வழியிலும் நல்ல வேலை நடக்கிறது. நான் எபாக்ஸி மேல்தான் போடுவேன். பட்டி ஈரத்தை உறிஞ்சும் பொருள். அதற்கும் தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் புகாத ஒரு படலம் இருப்பது எனக்கு நிம்மதி. எபாக்ஸி டப்பாவில் சொன்ன நேரத்துக்குள் பட்டி போடலாம். அந்த நேரம் தாண்டிவிட்டால் 180 நம்பரால் கீறிவிட்டுப் போடுங்கள். எட்ச் பிரைமர் மேலும், சாதாரண ரெட் ஆக்சைடு பிரைமர் மேலும் பட்டி வேண்டவே வேண்டாம், பெயர்ந்துவிடும்.

பட்டி தேய்க்கும்போது ஒன்று செய்யுங்கள். கறுப்பு பெயிண்டைத் தூரத்தில் இருந்து லேசாகத் தூவி, காய்ந்ததும் நீளமான கட்டையில் உப்புத்தாளைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகத் தேயுங்கள். கறுப்பு போகாமல் நிற்கும் இடம் பள்ளம். பக்கத்தில் திடீரென்று தகடு பளிச்சென்று தெரிந்தால் அது மேடு. மேட்டை மேலும் மேலும் தேய்க்காதீர்கள், சுத்தியலால் மெல்லத் தட்டி இறக்குங்கள். கண்ணுக்குத் தெரியாத அலையெல்லாம் இதில் தெரிந்துவிடும். கறுப்பு நிறக் காராக இருந்தால் இந்த வேலையை இரண்டு மடங்கு பொறுமையோடு செய்ய வேண்டும், அந்த நிறம் எதையும் மறைக்காது.

அதே நண்பர்: பட்டி எவ்வளவு கனம் போகலாம்?

தேய்த்து முடித்த பிறகு 2, 3 மில்லிமீட்டருக்குள் நிற்கட்டும். அதற்கு மேல் தேவைப்பட்டால் அந்த இடத்தில் டிங்கரிங் முடியவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: அண்ணா, பிரைமர் அடித்தபடியே கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று இருக்கிறேன். மங்கலாகப் பார்க்கவும் நன்றாக இருக்கிறது.

எந்த பிரைமர் என்று பாருங்கள். மேடுபள்ளத்தை நிரப்ப அடிக்கும் ஹை பில்ட் பிரைமரில் டால்க் மாதிரியான தூள்கள் நிறைய இருக்கும். தேய்க்க எளிதாக இருப்பதற்குக் காரணம் அதுதான், மழைத் தண்ணீரை உறிஞ்சுவதற்குக் காரணமும் அதுதான். வெளியே காய்ந்தது போலத் தெரியும், அடியில் துரு கிளம்பியிருக்கும். எபாக்ஸி தண்ணீருக்குத் தாங்கும், ஆனால் வெயிலில் நாளாக ஆக மேலே சுண்ணாம்பு போல உதிரத் தொடங்கும். ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மங்கல் பெயிண்டே கிடைக்கிறது, அதை முறையாக அடித்துவிடுங்கள்.

கேள்வி: துருவைக் கறுப்பாக மாற்றும் திரவம் பூசினேன். அதன் மேல் எபாக்ஸி அடிக்கலாமா?

அப்படியே அடிக்காதீர்கள். அந்தத் திரவங்கள் பலவற்றில் அமிலம் இருக்கிறது. மிச்ச அமிலம் எபாக்ஸி ஹார்டனரைக் கெடுத்துவிடும். அப்புறம் படலம் இறுகாது, அல்லது இறுகியது போல இருந்துவிட்டுத் தாளாக உரிந்து வரும். டப்பாவில் சொன்னபடி கழுவி, முழுக்க உலர்த்தி, திரும்பத் தேய்த்துவிட்டு அடியுங்கள். முடிந்த இடத்தில் எல்லாம் துருவை இயந்திரத்தால் எடுத்துவிடுவதே மேல். ஓட்டை விழும் அளவுக்குப் போன தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைக்க வேண்டும், அதற்கு மருந்து கிடையாது.

மணல் வீசித் துரு எடுக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பானட், கூரை, கதவு மாதிரியான அகலமான தகட்டில் அழுத்தம் வைத்து அடித்தால் தகடு நெளிந்துவிடும், திரும்ப நேராக்குவது பெரும் பாடு. சேஸிஸுக்கும் கனமான பாகங்களுக்கும் அது நல்லது.

கேள்வி: என் காரில் பழைய பெயிண்ட் நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. உரிக்காமல் அதன் மேலேயே அடிக்கலாமா?

அது என்ன பெயிண்ட் என்று முதலில் கண்டுபிடியுங்கள். கண்ணில் படாத மூலையில் லேக்கர் தின்னர் நனைத்த வெள்ளைத் துணியைக் கொஞ்ச நேரம் வைத்துத் தேயுங்கள். நிறம் கரைந்து துணியில் வந்தால் லேக்கர், அதாவது கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே காயும் பெயிண்ட். சுருங்கி எழும்பினால் எனாமலாக இருக்கலாம். ஒன்றுமே ஆகவில்லை என்றால் ஹார்டனர் கலந்த பெயிண்ட், அதன் மேல் தேய்த்துவிட்டுத் தாராளமாக அடிக்கலாம். முதல் இரண்டில் புதுப் பெயிண்டின் கரைப்பான் உள்ளே இறங்கினால் எல்லாம் சுருங்கிக்கொண்டு மேலே வரும். இன்னொன்றும் உண்டு. பல தடவை அடித்து அடித்து ஏற்கெனவே தடிப்பாக இருந்தாலோ, மெல்லிய வெடிப்புக் கோடுகள் ஓடினாலோ யோசிக்கவே வேண்டாம், உரித்துவிடுங்கள். அந்த வெடிப்பு மேலே வராமல் போகாது.

பழைய படலங்களில் ஈயம் இருக்கலாம். தூள் பறக்க உலர்வாகத் தேய்க்காதீர்கள். தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் தேயுங்கள், முகக் கவசம் போடுங்கள், வீட்டுக் குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கேள்வி: ஒரிஜினலாக லேக்கர் அடித்த கார். அதையே அடிப்பதா, இப்போதைய பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்டா, இல்லை நிறத்துக்கு பேஸ் கோட் அடித்து மேலே நிறமில்லாத க்ளியரா?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். ஆரம்பக் கால கார்களுக்குக் குதிரை வண்டிகளுக்குப் பூசும் வார்னிஷ் முறைதான், காயவே வாரக்கணக்காகும். போர்டு மாடல் டி 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்தது. டூபான்ட் நிறுவனம் 1923இல் டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரைக் கொண்டுவந்த பிறகுதான், வேகமாகக் காயும் வண்ணங்கள் பெரிய அளவில் சாத்தியமாயின. பாலிஷ் போட்ட லேக்கரின் மினுக்கு தனி. கண்ணாடி போல அடிக்காது, உள்ளே இருந்து வருவது போல இருக்கும். குறைகளும் உண்டு. வருடங்கள் போகப் போகச் சுருங்கி வெடிக்கும், பெட்ரோல் சிந்தினால் கறை படும், வெயிலில் மங்கும், அடிக்கடி பாலிஷ் கேட்கும்.

அசல் தன்மைக்கு மதிப்பெண் தரும் கண்காட்சிக்குப் போகும் கார், பாதுகாப்பாக உள்ளே நிற்கும் கார் என்றால் லேக்கர் அடியுங்கள், அதற்கு ஈடு இல்லை. ஓட்டுவதற்கான கார், மெட்டாலிக் இல்லாத நிறம் என்றால் என் பதில் ஒற்றைக் கட்ட பி.யூ., அதாவது நிறமும் பளபளப்பும் ஒரே பெயிண்டில் வருவது. நன்றாகத் தேய்த்து பாலிஷ் செய்தால் பழைய லேக்கர் தோற்றத்துக்கு மிக அருகில் போகும், கீறல் விழுந்தாலும் எடுக்கலாம். பழைய பாலேட்டு வெள்ளைக்கும் கரும்பச்சைக்கும் மேல் தடிமனாக க்ளியர் அடித்த கார்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. புதுக் காரின் பளபளப்பைப் பழைய உடம்பில் ஒட்டியது போல இருக்கும். மெட்டாலிக் நிறத்துக்கு மட்டும் பேஸ் கோட், க்ளியர் முறைதான் எளிது. அதிலும் க்ளியர் இரண்டு கோட்டோடு நிறுத்துங்கள்.

கேள்வி: அசல் நிறத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? வெளியே எல்லாம் வெளுத்துவிட்டது.

பெயிண்டின் குறியீட்டு எண் பதித்த தகடு காரில் இருந்தால் அதில் இருந்து தொடங்குங்கள். அதை மட்டும் நம்பாதீர்கள், அந்தக் காலத்து நிறமிகள் பல இப்போது இல்லை. வெயில் படாத இடம் தேடுங்கள். டாஷ்போர்டுக்கு அடியில், டிக்கி விரிப்புக்குக் கீழே, கதவு அட்டைக்குப் பின்னால், ரப்பர் பட்டைக்கு உள்ளே. அங்கே லேசாக பாலிஷ் போட்டுவிட்டு நிறம் அளக்கும் கருவியை வைக்கச் சொல்லுங்கள். கலந்து வந்ததும் நேராகக் காரில் அடித்துவிடாமல் ஒரு துண்டுத் தகட்டில் எல்லாக் கோட்டும் அடித்து, வெயிலிலும் நிழலிலும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: பிரைமர் நிறம் முக்கியமா?

சிவப்புக்கும் மஞ்சளுக்கும் மிக முக்கியம். அவை மறைக்கும் திறன் குறைந்த நிறங்கள். பெயிண்ட் கம்பெனி எந்தச் சாம்பல் அடர்த்தியைச் சொல்கிறதோ அதையே அடியில் அடியுங்கள். மற்ற நிறங்களுக்குக் கார் முழுக்க ஒரே நிற அடித்தளம் இருந்தால் போதும்.

கேள்வி: வீட்டு ஷெட்டில் நானே அடிக்கப் போகிறேன். கரி வடிகட்டி மாஸ்க் போதுமா?

பி.யூ. பெயிண்டுக்கும் க்ளியருக்கும் போதாது. தயவுசெய்து இதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். அவற்றின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. ஆபத்தான அளவில் இருந்தாலும் வாசனை தெரியாமல் போகலாம், மாஸ்க்கின் கரி தீர்ந்துபோனதும் தெரியாது. ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே ஆஸ்துமாவைக் கிளப்பும். வெளியில் இருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியே தரும் முகக் கவசம் வேண்டும், கையும் கண்ணும் தோலும் மூடியிருக்க வேண்டும். பல ஹை பில்ட் பிரைமர்களின் ஹார்டனரும் இதே வகைதான்.

அந்த வசதி இல்லையென்றால் தகடு, பட்டி, தேய்ப்பு எல்லாவற்றையும் வீட்டில் முடியுங்கள். ஹார்டனர் கலந்த கோட்டுகளை மட்டும் பெயிண்ட் அடிக்கும் அறை (பூத்) வைத்திருப்பவரிடம் கொடுங்கள். காரின் தரத்தை முடிவு செய்யும் உழைப்பு அப்போதும் உங்களுடையதாகத்தான் இருக்கும்.

கேள்வி: அலுமினியத் தகடும் ஃபைபர் கிளாஸ் பாகமும் உள்ள காருக்கு?

இரண்டுக்கும் எபாக்ஸிதான். அலுமினியம் தேய்த்த உடனேயே ஆக்சைடு படியத் தொடங்கும், அதனால் தேய்த்த சில மணி நேரத்துக்குள் அடியுங்கள். இரும்பு தேய்த்த உப்புத்தாளை அதில் பயன்படுத்தாதீர்கள். ஃபைபர் கிளாஸில் அமிலம் அரிப்பதற்கு உலோகமே இல்லை, எட்ச் பிரைமருக்கு அங்கே வேலை கிடையாது.

கேள்வி: ஒரு கம்பெனி பெயிண்ட், இன்னொரு கம்பெனி ஹார்டனர் கலக்கலாமா? விகிதம் ஒன்றுதான்.

விகிதம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு. கலக்காதீர்கள். தின்னரிலும் சூட்டுக்கு ஏற்ற வகை உண்டு. வெயில் காலத்தில் மெதுவாக ஆவியாகும் தின்னர், குளிரில் வேகமானது. மாற்றிப் போட்டால் ஒன்று பெயிண்டின் மேற்பரப்பு சொரசொரக்கும், இல்லை பெயிண்ட் வழியும்.

கேள்வி: மழை நாளில் லேக்கர் அடித்தேன், வெள்ளைப் படலம் வந்துவிட்டது.

தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்ததால் வந்தது. பல நேரம், உலர்ந்த நாளில் மெதுவாக ஆவியாகும் தின்னரை மெல்லத் தூவினால் படலம் தெளிந்துவிடும். இனி தகட்டின் சூடு பனி படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது அதிகமாக இருந்தால்தான் அடியுங்கள்.

கேள்வி: பி.யூ. அடித்து ஒரு வாரம் ஆகிறது. எப்போது மெழுகு போடலாம்?

ஒன்றிரண்டு மாதம் போகட்டும். உள்ளே இருக்கும் கரைப்பான் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறது, மெழுகு அதை அடைத்துவிடும். அதுவரை தண்ணீரும் மென்மையான துணியும் போதும். பறவை எச்சம் விழுந்தால் மட்டும் அன்றே கழுவிவிடுங்கள்.