கழற்றி மாட்டும் போன் வள்ளத்துக்குச் சரிப்படுமா?

கேள்வி: ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் அக்கா, கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது ஃபேர்போன் ஆறாம் தலைமுறை போன் வாங்கி வரட்டுமா என்று கேட்கிறாள். பழுதானால் நாமே கழற்றி மாட்டலாமாம். நான் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவன். உப்புக்காற்றில் எந்தப் போனிலும் முதலில் சார்ஜிங் பின்தான் போகிறது. வாங்கலாமா?
– வாசகர், முட்டம்

பதில்: அந்தச் சார்ஜிங் பின்னுக்காகவே இந்தப் போன் எனக்குப் பிடிக்கும். மற்ற போன்களில் பின் பச்சை பிடித்துவிட்டால், கடைக்காரர் பின்மூடியைச் சூடாக்கிப் பசையை இளக்கித் திறந்து, வேலை முடிந்ததும் திரும்ப ஒட்டித் தருவார். அதற்கப்புறம் தண்ணீர் புகாது என்று நம்பி அதைக் கடலுக்குக் கொண்டுபோக முடியாது. இதில் சார்ஜிங் பின், பேட்டரி, டிஸ்பிளே எல்லாம் தனித்தனி பாகங்கள், திருகில் நிற்பவை. நுனி நட்சத்திர வடிவில் இருக்கும் சின்ன டார்க்ஸ் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று இருந்தால் வீட்டுத் திண்ணையிலேயே மாற்றிவிடலாம். சாஃப்ட்வேர் அப்டேட்டும் 2033 வரை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் கவனம். இதற்கு இருப்பது ஐபி55 தரம். தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், முங்கினால் தாங்காது, அதிலும் உப்புத் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். வள்ளத்தில் கவர் போட்டுத்தான் வைக்க வேண்டும்.

விலை 599 யூரோ, நம்ம காசுக்கு 60 ஆயிரம் பக்கம். இதே ஸ்னாப்டிராகன் 7எஸ் ஜென் 3 சிப் போட்ட போன் இங்கே 25 ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. வேகமும் கேமராவும்தான் முக்கியம் என்றால் இது வேண்டாம்.

பெரிய சிக்கல், இந்தப் போன் இந்தியாவில் விற்பனைக்கு வரவில்லை என்பதுதான். 5 வருஷ வாரண்டி இருந்தாலும் நாகர்கோவிலில் எந்தக் கடையிலும் போய் அதைக் கேட்க முடியாது, பாகமும் கிடைக்காது. அக்கா வந்தால்தான் பாகம் வரும். அவர் வருஷம் ஒருமுறை வருகிறவர் என்றால் தைரியமாக வாங்குங்கள், போனோடு சார்ஜிங் பின் ஒன்றும் பேட்டரி ஒன்றும் உபரியாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். பேட்டரி சுமார் 40 யூரோ. விமானத்தில் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவார் என்றால் இந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒன்று, நீங்கள் ஜியோ சிம் வைத்திருந்தால் போனில் வோல்ட்டி, அதாவது 4ஜியிலேயே கால் பேசும் வசதி, வேலை செய்தாக வேண்டும். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது என்பதால் வோல்ட்டி இல்லாமல் கால் போகாது. அக்கா ஊரில் இருக்கும்போதே உங்கள் சிம்மைப் போட்டுப் பேசிப் பாருங்கள்.