கடலூர் – புதுச்சேரி தினசரி ஓட்டம்: டர்போ பெட்ரோல் கார் எடுக்கலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு, புதுச்சேரியில் வேலை. தினமும் காரில் போய்வர வேண்டும். மாதம் இருமுறை மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மாவோடு பண்ருட்டி, உளுந்தூர்பேட்டை வழியாகச் சேலம் போவோம். மாருதி ஃபிராங்க்ஸில் சாதாரண 1.2 லிட்டர் இன்ஜின் எடுப்பதா, 1.0 லிட்டர் டர்போவா? டர்போ பின்னால் செலவு வைக்கும் என்கிறார்களே?

பதில்: புதுச்சேரி ஓட்டம் மட்டும் என்றால் 1.2 தாராளமாகப் போதும். 22 கி.மீ. தூரத்தில் ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் என்று ஊர் மாற்றி ஊர் வருகிறது. டர்போ என்பது புகைக்காற்றின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி; இந்த ஓட்டத்தில் அதன் பலம் வெளிப்பட இடமே இருக்காது. ஆனால் ஐந்து பேரும் பெட்டிகளுமாகச் சேலம் போகிறீர்களே, அதற்காக டர்போவையே எடுங்கள்.

விளம்பரத்தாளில் பி.எஸ். (குதிரைத்திறன்) எண்ணைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது: ஒன்று 90, மற்றது 100. பார்க்க வேண்டியது டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் இழுவிசை; அதன் அளவு என்.எம். 1.2 இன்ஜின் தன் அதிகபட்ச 113 என்.எம். இழுவையை 4,400 ஆர்.பி.எம்.மில்தான் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) தரும். டர்போ 148 என்.எம்.மை 2,000த்திலேயே தொட்டு 4,500 வரை விடாமல் பிடித்துக்கொள்ளும்.

நெல்லிக்குப்பம் சாலையில் அரவைப் பருவத்தில் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வேகம் 30, மூன்றாவது கியர், ஏ.சி. ஓடுகிறது, வண்டி நிறைய ஆள். 1.2 என்றால் இரண்டாவது கியருக்கு இறங்கி, இன்ஜின் கத்தக் கத்த 4,000 தாண்டி முடுக்கித்தான் முந்த வேண்டும். டர்போவிலும் அந்த மூன்றாவது கியரில் ஆர்.பி.எம். முள் 1,500க்குக் கீழேதான் நிற்கும். மிதித்தால் ஒரு கணம் ஒன்றுமே நடக்காது, பிறகு திடீரென்று பாயும். எதிரே பஸ் வரும் சாலையில் அந்த ஒரு கணம் ஆபத்து. ஆகவே முதலில் இரண்டாவது கியர், முள் 2,000 தாண்டியதும் வலப்பக்கம் எடுங்கள். டர்போ இன்ஜினை நான்காவது, ஐந்தாவது கியரில் 1,300, 1,400இல் வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்கவே கூடாது. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜின்களில் அப்போது கலவை முன்கூட்டியே வெடித்து பிஸ்டனையே உடைக்கலாம்.

மற்ற வண்டிகளையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஹூண்டாய் வென்யூ 1.0 டர்போ 1,500 ஆர்.பி.எம்.மிலிருந்தே 172 என்.எம்., ஸ்கோடா கைலாக் 1,750இலிருந்து 178, மஹிந்திரா 3எக்ஸ்ஓ 1.2 டர்போ 1,500இலிருந்து 200. ஐந்து பேருக்கு அந்த 200 மிகவும் சௌகரியம். ஃபிராங்க்ஸிலேயே ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் டர்போவோடு வரும் 6 கியர் டார்க் கன்வெர்ட்டர் (திரவத்தின் வழியாகச் சக்தியைக் கடத்தும் ஆட்டோமேட்டிக்), 1.2இன் ஏ.எம்.டி.யைவிட (சாதாரண கியர்பாக்ஸில் கிளட்சையும் கியரையும் இயந்திரமே மாற்றும் வகை) எவ்வளவோ மென்மை.

இனி செலவு. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான். நெடுஞ்சாலையில் விரட்டி வந்து உடனே இன்ஜினை அணைத்தால், சிவக்கக் காய்ந்த டர்போவுக்குள் தேங்கிய ஆயில் தீய்ந்து கரியாகப் படியும். படியப் படிய ஆயில் வழி அடைத்து, தண்டு காய்ந்து தேயும். கடைசி இரண்டு கி.மீ. நிதானமாக வாருங்கள், வழியில் டீக்கடையில் சட்டென்று நிறுத்தினால் 30 முதல் 60 விநாடி ஐடிலில் விட்டு அணையுங்கள். ஊருக்குள் மெதுவாக ஓட்டி வந்தால் இது தேவையில்லை.

கையேட்டில் சொன்ன தரத்தில் முழு சிந்தெடிக் ஆயில், டப்பாவில் ஏ.பி.ஐ. எஸ்.பி. (API SP) என்ற தரக்குறி இருக்க வேண்டும். 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அதற்குள் மாற்றுங்கள். உங்கள் ஓட்டம் மாதம் சுமார் 1,900 கி.மீ.; ஆறு மாதத்துக்குள் 10,000 வந்துவிடும். ஆண்டுக்கு ஒரு சர்வீஸ் என்று இருந்துவிட்டால், அங்கேதான் டர்போ கெடும். 1,000 கி.மீ.க்கு ஒருமுறை, காலையில் சமதரையில் டிப் ஸ்டிக்கை (ஆயில் மட்டம் காட்டும் கம்பி) உருவிப் பாருங்கள். கிழிந்த ஏர் ஃபில்டரோடு ஒரு நாளும் ஓட்டாதீர்கள். உள்ளே போகும் மணல், டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் இதழ்களை அரித்துவிடும்.

திடீரென்று பிக்கப் குறைந்து 'உஸ்' என்று காற்று கசிந்தால் டர்போ போய்விட்டது என்று பயப்படாதீர்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பகுதி) போகும் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஹோஸுக்குள் லேசாக ஆயில் பிசுக்கு இருப்பது சகஜம். சைலன்சரில் நீலப்புகையும் சைரன் போன்ற சத்தமும் சேர்ந்து வந்தால்தான் கவலை. அப்போது ஓட்டுவதை நிறுத்துங்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு வீட்டில் ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு, ஏ.சி. போட்டு, பண்ருட்டி சாலையிலேயே ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது கியரில் 30இலிருந்து 60க்கு 1.2, டர்போ இரண்டு வண்டியும் எப்படி ஏறுகிறது என்று பாருங்கள்; பின் சீட்டில் அம்மா என்ன சொல்கிறார் என்றும் கேளுங்கள்.