நாலடியில் பாறை தட்டினால் அதன் மேலேயே வீடு கட்டலாமா?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊருக்கு அருகே வேதாளைப் பக்கம் எங்களுக்கு ஆறு சென்ட் இடம் இருக்கிறது. கடலிலிருந்து எழுநூறு மீட்டர் இருக்கும். மாடி வீடு கட்டலாம் என்று வானம் (அஸ்திவாரக் குழி) தோண்ட ஆரம்பித்தோம். ஒரு மூலையில் நாலடியிலேயே பாறை தட்டிவிட்டது. எதிர் மூலையில் ஆறடி போயும் மணல்தான். "பாறையே வந்துவிட்டது, இதைவிட என்ன வேண்டும், அப்படியே மேலே எழுப்பிவிடலாம்" என்கிறார் கொத்தனார். சிவில் இன்ஜினியரிங் படிக்கும் மகனோ மண் பரிசோதனை செய்யாமல் தொடவே கூடாது என்கிறான். இதற்கென்றே 'பொறியியல் நிலவியல்' என்று ஒரு பாடம் இருக்கிறதாம். வீடு கட்டுகிறவர்களுக்கு அதனால் என்ன பயன்? செலவு தண்டமாகிவிடாதா?

பதில்: உங்கள் மகன் சொல்வதைக் கேளுங்கள். கொத்தனார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் அது மதுரையை அடுத்த மேலூர்ப் பக்கத்து நியாயம். அங்கே பாறை தட்டினால் கீழே போகப் போக இன்னும் கெட்டியான பாறைதான் வரும். மண்டபம் கரையில் அப்படி இல்லை. இங்கே அடிநிலக் கருங்கல் எந்த வீட்டு அஸ்திவாரத்துக்கும் எட்டாத ஆழத்தில் கிடக்கிறது. அதற்கு மேலே இருப்பதெல்லாம் கடலும் ஆறும் காற்றும் கொண்டுவந்து போட்டவை.

அப்படியானால் நாலடியில் தட்டியது என்ன? பெரும்பாலும் இரண்டில் ஒன்று. கரை மணலையும் சிப்பி உடைசலையும் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு காரை போலப் பிடித்துக் கெட்டியாக்கிய கல்லாக இருக்கலாம். இல்லையென்றால் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சற்று உயர்ந்திருந்த காலத்தில் வளர்ந்து, பிறகு கரையேறி நின்றுவிட்ட முருகைக்கல்லாக, அதாவது பவளப் பாறையாக இருக்கலாம். பாம்பன், ராமேசுவரம் வரை இந்த இரண்டையும் பார்க்கலாம். தட்டினால் ஓசை கேட்கும், கடப்பாரை எகிறும், பாறைதான் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அதன் கனம் ஒரு சாணாகவும் இருக்கலாம், நாலடியாகவும் இருக்கலாம். உடைத்துப் பார்த்தால் கீழே மறுபடியும் தளர்ந்த மணல் வரலாம். முருகைக்கல்லாக இருந்தால் உள்ளேயே பொந்துகள் இருக்கும்.

வற்றுகிற கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே வெயிலில் காய்ந்து ஓடு கட்டியிருக்கும். ஆடு நடந்தால் தாங்கும். அதே இடத்தில் மாட்டுவண்டியை இறக்கினால் அச்சு வரை அமிழும். ஓடு எவ்வளவு கெட்டி என்பதோடு, ஓட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது, மேலே எவ்வளவு பாரம் ஏற்றப்போகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். பொறியியல் நிலவியலின் வேலை இதுதான். கட்டடத்தைத் தாங்கப்போகிற மண்ணும் பாறையும் எப்படி உருவாயின, எந்த அடுக்கில் எது இருக்கிறது, தண்ணீர் பட்டால், பாரம் ஏறினால் அது எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டியே படித்து, கட்டுகிற இன்ஜினியருக்குச் சொல்லும் துறை அது.

இந்தத் துறையின் அருமை உலகத்துக்குப் பெரிய இழப்புகளின் மூலம்தான் புரிந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் செயின்ட் பிரான்சிஸ் என்ற கான்கிரீட் அணை 1928 மார்ச் 12 நள்ளிரவு நெருங்கும்போது உடைந்து நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அணையின் ஒரு பக்கம் தண்ணீரில் ஊறினால் இளகிப்போகிற பாறை. இன்னொரு பக்கம் பழைய நிலச்சரிவு. உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது ஆஸ்திரேலியக் கதை. அதன் வடமேற்குக் கடலில் 1980களின் தொடக்கத்தில் நார்த் ராங்கின் என்ற எரிவாயு மேடைக்கு பைல், அதாவது ஆழத்தில் அடித்து இறக்கும் தூண்கள், இறக்கினார்கள். அங்கேயும் சிப்பி, முருகை உடைசலால் ஆன சுண்ணாம்பு மணலும் இடையிடையே காரைபிடித்த அடுக்கும்தான். பைல்கள் எதிர்பார்த்த பிடிமானம் இல்லாமல் சரசரவென்று இறங்கின. பெரும் செலவில் திருத்தவேண்டி வந்தது. சுண்ணாம்பு மணலின் துகள் அழுத்தினால் நொறுங்கும். சாதாரண ஆற்று மணலுக்குப் போடும் கணக்கை அதற்கு அப்படியே போடமுடியாது.

சரி, உங்கள் மனைக்கு வருவோம். எனக்குப் பெரிய கவலை பாறை மெலிசாக இருப்பதுகூட இல்லை. ஒரு மூலையில் பாறை, எதிர் மூலையில் மணல் என்றீர்களே, அதுதான். வீடு முழுவதும் ஒரே அளவு ஒரு அங்குலம் இறங்கினால் யாருக்கும் தெரியாது. பாதி அப்படியே நிற்க, பாதி மட்டும் அரை அங்குலம் இறங்கினாலே சுவர் பிளக்க ஆரம்பிக்கலாம். உச்சிப்புளிப் பக்கம் இப்படி ஒரு வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு போல ஏறியது விரிசல். மூன்று தடவை பூசியிருந்தார்கள், மூன்று தடவையும் திறந்துகொண்டது. பக்கத்தில் குழி தோண்டிப் பார்த்தால் வடக்குச் சுவர் கல்லின் மேலே, தெற்குச் சுவர் மணலில். அந்த வீட்டுக்காரர் வெளிநாட்டில் பல வருடம் உழைத்துச் சேர்த்த பணம் அது.

ஆகவே இப்போது செய்யவேண்டியது மனையில் இரண்டு அல்லது மூன்று இடத்தில் போர் போட்டு, அதாவது மண்மாதிரி எடுக்கத் துளையிட்டுப் பார்ப்பது. ஒன்று பாறை தட்டிய மூலையில், ஒன்று மணல் மூலையில். பாறையைத் துளைத்து அதன் அடிப்பக்கம் வரை போயே ஆகவேண்டும். 'பாறை வந்தது, நிறுத்திவிட்டோம்' என்று அறிக்கை கொடுத்தால் வாங்காதீர்கள். உங்கள் கேள்விக்கான பதிலே அதற்குக் கீழேதான் இருக்கிறது. அஸ்திவாரத்தின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆழமாவது அதன் அடியிலிருந்து பார்க்கவேண்டும். எட்டு, பத்து மீட்டர் போய்விடுவது இந்தக் கரையில் நல்லது.

மணலில் எஸ்.பி.டி. என்ற சோதனை செய்வார்கள். துளைக்குள் ஒரு குழாயை நிறுத்தி, 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு அதை அடித்து இறக்குவார்கள். முதல் 15 சென்டிமீட்டரை விட்டுவிட்டு, அடுத்த 30 சென்டிமீட்டர் குழாய் இறங்க எத்தனை தடவை அடிக்க வேண்டியிருந்தது என்பதுதான் 'என்' மதிப்பு. பத்துக்குக் கீழே என்றால் தளர்ந்த மணல், முப்பதுக்கு மேல் என்றால் இறுகிய மணல். கல்லில் உருளைத் துண்டாக மாதிரி எடுப்பார்கள். அதில் 10 சென்டிமீட்டருக்குக் குறையாத துண்டுகள் மொத்த நீளத்தில் எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். பொடியும் பொந்துமாக வந்தால் அதைப் பாறை என்று நம்பிப் பாரம் ஏற்றக்கூடாது.

முடிவைப் பொறுத்து வழி மாறும். கல் மெலிசு என்றால் அதை முழுவதும் உடைத்து எடுத்துவிட்டு, மணலை இறுக்கி, வீடு முழுவதற்கும் அடியில் ஒரே கான்கிரீட் பலகையாக ராஃப்ட் போடலாம். கல் கனமாக இருந்து, கீழே உள்ள மணலும் திடமாக இருந்தால், கல் பக்கம் ஒரு மணல் மெத்தை கொடுத்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறங்கும்படி செய்து, எல்லாவற்றையும் பிளிந்த் பீமால் (தரைமட்டத்தில் சுற்றிவரும் கான்கிரீட் உத்தரம்) கட்டலாம். ரொம்பத் தளர்வு என்றால் பைல். எது என்று மாதிரியைப் பார்க்காமல் நான் சொன்னால் அது ஜோசியம்தான். செலவு தண்டமா என்றால், வீட்டுச் செலவில் இது மிகச் சிறிய பங்கு. அந்த உச்சிப்புளி வீட்டின் மூன்று பூச்சுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது உப்பு. இதைப் பலரும் நிலவியலோடு சேர்த்துப் பார்ப்பதில்லை, நான் சேர்த்தே பார்ப்பேன். 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்தியதற்குக் காரணம், தூக்குப் பகுதி இரும்பை அரித்த துரு. 2025 ஏப்ரலில் புதிய பாலமே திறக்கவேண்டி வந்தது. அதே காற்றுதான் உங்கள் மனையிலும் வீசுகிறது. நிலத்தடி நீரை எடுத்து குளோரைடு, சல்பேட் இரண்டும் பார்க்கச் சொல்லுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலை. மனைக் கிணற்றுத் தண்ணீர் தேறாவிட்டால் கலவைக்கு மட்டுமல்ல, நனைக்கவும் நல்ல தண்ணீர் வாங்குங்கள். கான்கிரீட்டின் தரம் எம் 30க்குக் குறையவேண்டாம். அஸ்திவாரக் கம்பிக்கு 50 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட், இருக்கட்டும். கடற்கரை மணலைக் கலவையில் ஒரு சட்டி கூடச் சேர்க்கவிடாதீர்கள்.

தரைக்குக் கீழே நிரப்ப முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்துக் கரிசல் மண் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது லாரியோடு வருவார்கள். வேண்டாம். அது மழைக்கு ஊறி வீங்கும், கோடைக்குச் சுருங்கும், தரை எழும்பி உடையும். மணலே போதும்.

போர்வெல் போடும் எண்ணமிருந்தால் ஒரு வார்த்தை. இங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கணக்குப்படி கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் நாற்பது மீட்டர் வரை அது இருக்கும். மேலே அரை மீட்டர் இறைத்துவிட்டால் கீழிருந்து உப்பு இருபது மீட்டர் ஏறிவரும். அதனால் ஆழமாகப் போட்டு அதிகம் இறைப்பதைவிட, அகலமான கிணற்றில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதே இந்தக் கரைக்கு ஏற்றது.

வானத்தை இப்போதைக்கு மூடாதீர்கள். கரை சரியாமல் பலகை கொடுங்கள், உள்ளே ஊறும் தண்ணீரை மோட்டார் வைத்து வேகமாக இறைக்காதீர்கள். தண்ணீரோடு மணலும் வந்து பக்கத்து வீட்டு அஸ்திவாரத்துக்கு அடியில் வெறுமையாகிவிடும். பரிசோதனைக்காரர்கள் வருகிற வரை மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். இரண்டு மூலையிலும் அடிக்கு ஒரு பிடி மண் எடுத்துத் தனித்தனிப் பையில் போட்டு, மேலே ஆழத்தை எழுதி வைக்கட்டும். பக்கத்து வீட்டுக் கிணறுகளில் பாறை எந்த அடியில் வந்தது, எவ்வளவு கனம், ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் குறிக்கட்டும். போர் போட வருகிறவர்களிடம் முதலில் அந்தத் தாளைக் கொடுங்கள்.